ஒன்றாம் எண்

எஸ்.பி. ரோட்டில் தஸ்தகீர் கடையில்
ஆறாயிரத்து ஐந்நூறுக்குப் படிந்த லேப்டாப்.
மூடியில் எந்த ஆபீஸோ ஒட்டிய பார்கோடு
பாதிதான் உரிந்திருந்தது.
ரெண்டு ஜி.பி. ராம்.
"விண்டோஸ் போட்டா அழும்" என்றார்,
"லினக்ஸ் போட்டுக்குங்க. எது வேணும்?"

எது வேணும் என்றால்
எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்:
இதற்குள் முதலில் எழுவது யார்?

காரணம் ஜெசிந்தா.

ஸ்ரீராம்புரத்தில் மூன்றாம் மாடி, நாங்கள் நான்கு பேர்.
காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
நாலே முக்காலுக்கு எழுந்து மோட்டார் போடுவாள் ஜெசிந்தா.
நந்தினி பால் கணக்கு அவளிடம். கேஸ் புத்தகம் அவளிடம்.
வாடகை வசூல், வைஃபை கடவுச்சொல்,
மொட்டைமாடிச் சாவி,
யார் எப்போது குளிக்கலாம் என்கிற வரிசை,
போகப்போக எங்கள் அலாரங்கள்கூட.
குறை சொல்ல மாட்டேன்.
மூன்று வருடம் முழுத் தூக்கம் தூங்கியவள் நான்.

மார்ச்சில் அவளுக்கு மஞ்சள் காமாலை.
அண்ணன் வந்து கே.ஜி.எஃப்.புக்குக் கூட்டிப்போன மறுநாள்
வீட்டில் எதுவும் எழவில்லை.
மோட்டார் சுவிட்ச் எங்கே என்று
நிலோஃபர் என்னைக் கேட்டாள்.
நான் உமையாளைக் கேட்டேன்.
உமையாள் வாயில் பிரஷ்ஷோடு
குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதையெல்லாம் தஸ்தகீரிடம் சொல்லவில்லை.
"எல்லாத்தையும் ஒருத்தரே பாத்துக்காத மாதிரி
ஏதாச்சும் இருக்கா?"
முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.
"சிஸ்டம்-டி இல்லாததா?"
அந்தப் பெயர் எனக்குத் தெரியாது.
தலையாட்டினேன்.

மூன்று பென் டிரைவ், இரவல்,
ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரவேண்டும்.

முதலில் வாய்ட்.
கறுப்புத் திரை. டிஸ்க்கை நீயே கூறுபோடு என்றது.
அழகுதான்,
மீன் கடைக் கத்தி அழகாயிருப்பது போல.
எடுத்துவைத்துவிட்டேன்.

அடுத்தது ஆன்டிஎக்ஸ்.
இந்தக் கிழட்டு மெஷினில் அத்தனை சுறுசுறுப்பு!
ஆனால் ஜெசிந்தாவின் தமிழ் மெயில்
கட்டம் கட்டமாகத் தெரிந்தது.
எழுத்துரு போட்டால் சரியாகிவிடுமாம்.
அன்றிரவு எனக்குப் போடத் தெரியவில்லை.
அவள் என்ன எழுதியிருந்தாள் என்று
பார்த்தாக வேண்டியிருந்தது.

மூன்றாவது டெவுவான்.
வங்கி குமாஸ்தா மாதிரி ஒவ்வொன்றாய்க் கேட்டது.
மொழி. நேரம். விசைப்பலகை.
நடுவே, காபியா டீயா என்கிற தொனியில்,
எந்த இனிட் என்றது.

சிஸ்வி-இனிட்: பழசு. ஒருவர் பின் ஒருவராய் எழுப்பும்.
ஓப்பன்ஆர்சி: யாருக்கு முன் யார் எழவேண்டும் என்று
கணக்கு வைத்திருக்கும்.
ரன்இட்: வேலைக்கு ஒரு காவலாள்.
விழுந்தால் தூக்கி நிறுத்துவான்,
ஏன் விழுந்தாய் என்று கேட்கமாட்டான்.

எனக்கு மூன்றாவதன் மேல் ஆசை.
முதலாவதை அழுத்தினேன்.
வரிசையில் எழுந்தால்
எந்த இடத்தில் நின்றுபோனது என்றாவது தெரியும்.

நின்றது. நெட்வொர்க்கில், ஒரு நிமிடம்.
நகம் கடித்தேன்.
பிறகு மிச்ச வரிகள் ஓடி முடிந்தன,
நீல நிறத்தில் ஒரு மேசை விரிந்தது.
தமிழ் தமிழாகவே தெரிந்தது:
"சுவிட்ச் மீட்டர் பெட்டிக்குப் பின்னால.
பல்லி இருக்கும், பயப்படாதே."

ஒன்றாம் எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டாம்.
தொடங்கிவைத்தவர் போய்விட்டால்
பாதியில் நிற்கும் பணிகளை
அது தன் பிள்ளைகளாக எடுத்துக்கொள்ளும்.
எந்த இனிட்டைப் போட்டாலும் இது மாறாது.
இதைப் படித்த அன்று
பால் கணக்கைத் திறந்து பார்த்தேன்.
பதினாறாம் தேதியிலிருந்து
என் கையெழுத்து.

லேப்டாப்பில் ஒலி மட்டும் இன்னும் வரவில்லை.
மணி நாலே முக்கால்.
கீழே மோட்டார் ஓடுகிற சத்தம்.
நான் போடவில்லை.